ஊருக்கெல்லாம் அம்மணி

1

போன வாரம் வேலையிடத்தில் வாய் தவறிவிட்டது. கனடாவின் ஹாமில்டன் நகரில், ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறேன். நாள் முழுக்கத் தொலைபேசியும் தேதிகளும்தான் என் உலகம். வயதான ஒருவர் தன் முறையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது; அவருக்குக் கார் எடுக்கப் பயம். வேறு தேதி குறித்து, ஆங்கிலத்தில் எல்லாம் சரியாகப் பேசி முடித்து, கடைசியில் "ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டேன்.

 அது என்ன வார்த்தை, கேட்க நன்றாக இருக்கிறதே என்றார். அப்படியே செய்துவிடலாம் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்று சமாளித்தேன். மனிதர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்து, சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

அந்த வார்த்தையை என் நாக்கில் வைத்தது என் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. பர்வீன் என்று ஒருத்தி. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் இருந்த பலருக்கும் அப்படித்தான். ஆனால் அவர்களைக் கேட்டால் பர்வீன் என்ற பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அம்மணி" என்பார்கள்.

அன்று மாலை என் மகள் யாழினி பள்ளிக்கூட வேலையோடு சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். பதினைந்து வயது. அவள் வகுப்பில் ஆளுக்கு இரண்டு ஐகான்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஏன் அப்படி ஆனார்கள் என்று பேச வேண்டுமாம். தன் தலைமுறைக்கு ஒருவர், பெற்றோர் தலைமுறைக்கு ஒருவர்.

"அம்மா, உங்க டைம்ல உங்க ஊர்ல யாரு? சினிமா ஸ்டார் வேண்டாம். எல்லாரும் அதான் எழுதுவாங்க."

"அம்மணி" என்றேன், யோசிக்காமல்.

போனில் தட்டிப் பார்த்தாள். தமிழில் தட்டினாள், ஆங்கிலத்தில் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. "போட்டோ கூட இல்லையா? நெட்ல இல்லாதவங்க எப்படிம்மா ஐகான்?"

நல்ல கேள்விதான். அடுப்பை அணைத்துவிட்டு அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவளுக்கு ஏதோ செய்தி வந்து எழுந்து போய்விட்டாள். மீதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

2

எங்கள் வீடு கோயமுத்தூரில் கணபதி என்கிற பகுதியில். இரண்டு தெரு தள்ளி, மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல் மாடியில் தங்கவேலு அண்ணன் கேபிள் நடத்திக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் டிஷ், அதிலிருந்து தெருத் தெருவாக, வேப்பமரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் கட்டி இழுத்த கறுப்புக் கம்பிகள். எல்லா ஆபரேட்டரையும் போல அவரும் சொந்தமாக ஒரு சேனல் வைத்திருந்தார். அதில் பழைய படம், நகைக்கடை விளம்பரம், மாரியம்மன் கோயிலில் நோம்பி சாட்டினால் அந்தத் திருவிழாவுக்குக் கம்பம் நடுகிற காட்சி. அவ்வளவுதான்.

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒரு பெண் உட்கார்ந்து போன் எடுத்து, கேட்கிறவர்களுக்குப் பாட்டுப் போட்டு, பிறந்த நாள் வாழ்த்துச் சொன்னால் எப்படி? கல்லூரியில் பேச்சுப் போட்டிக்கெல்லாம் போனவள் என்று என்னைக் கூப்பிட்டார். தனியாகப் போகத் தயங்கி, காந்திபுரத்தில் என்னோடு கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த பர்வீனைத் துணைக்கு அழைத்துப் போனேன்.

பர்வீன் கோட்டைமேட்டுப் பெண்; முஸ்லிம்கள் அதிகம் இருக்கிற பகுதி அது. அவளுடைய அப்பாவுக்கு, அவள் அத்தா என்பாள், பெரிய கடை வீதிப் பக்கம் தையல் சாமான் கடை. நூல்கண்டு, பொத்தான், ஊக்கு, லேஸ். அவர்கள் வீட்டில் பேசுகிற தமிழும் எங்கள் வீட்டில் பேசுகிற தமிழும் ஒன்றுதான். அவளுடையதில் இன்னும் கொஞ்சம் "ங்க" கூட இருக்கும்.

கேமரா முன்னால் உட்கார்ந்தேன். "அன்பார்ந்த நேயர்களே" என்று தொடங்கியதும் மனப்பாடம் செய்த மீதியெல்லாம் மறந்துவிட்டது. நேரடி ஒளிபரப்பு. போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்த பர்வீன் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து எடுத்தாள். அப்படியே கேமராவுக்குள் வந்துவிட்டாள். தடித்த கறுப்பு பிரேம் போட்ட மூக்குக் கண்ணாடி, தோளில் துப்பட்டா.

"சொல்லுங்க" என்றாள்.

"ஏனுங்க, பாட்டுக் கேட்டாப் போடறது இங்கதானுங்களா?"

"இங்கதானுங்க. என்ன பாட்டு வேணுமுங்க? யாருக்குங்க?"

அந்தப் பக்கம் ஒரு பெண். மகளுக்குப் பிறந்த நாள், மகள் கட்டிக்கொடுத்து ஈரோட்டில் இருக்கிறாள், அவளால் பார்க்க முடியாது, இருந்தாலும் போடுங்கள் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பர்வீன் சொன்னாள்: "ஆகட்டுங்க. போட்டுர்லாமுங்க."

அது அவள் அத்தா கடையில் வாடிக்கையாளர்களிடம் சொல்வது. அப்படித்தான் அந்த வார்த்தை எங்கள் ஊருக்குள் இறங்கியது.

மறுநாள் தங்கவேலு அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டைமேட்டுக்குப் போய் அவள் அத்தாவிடம் பேசினார். அவர் எங்களுக்கு டீ வரவழைத்தார். "புள்ள ஆசைப்படுது. ஆனா பேரு மட்டும் வெளிய வேண்டாமுங்க தம்பி" என்றார். கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்பதுதான் அவர் யோசனை. வேறு எதையும் அன்று யாரும் யோசிக்கவில்லை.

"பேரெதுக்குங்க பாய், அம்மணின்னு கூப்பிட்டுக்கறோம்" என்றார் தங்கவேலு அண்ணன். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளை எல்லோரும் அப்படித்தானே கூப்பிடுகிறோம். அன்றிலிருந்து அவள் அம்மணி. நான் கேமராவுக்கு வெளியே போன் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தடுத்த அழைப்புகளைப் பிடித்துக் கொடுத்தேன். எனக்கு அந்த இடம்தான் சரியாக இருந்தது.

3

யாழினியின் டீச்சர் சொன்னாராம், ஐகான் என்றால் நிழலைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும் என்று. எங்கள் அம்மணிக்கு நிழல் கூடச் சரியாக விழுந்ததில்லை. கணபதியிலிருந்து கம்பி ஒரு ஆபரேட்டர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி மாறி, வடவள்ளி தாண்டித் தொண்டாமுத்தூர் வரைக்கும் போனது. அங்கே போய்ச் சேரும்போது படத்தில் முக்கால்வாசி புள்ளிதான். அந்தக் கண்ணாடியும் குரலும் மட்டும் தெளிவு. பொள்ளாச்சிக்குக் கம்பி எட்டவில்லை; காலை பஸ்ஸில் கேசட் போகும், மறுநாள் மாலை அங்கே போடுவார்கள். அதனால் பொள்ளாச்சிக்காரர்கள் பிறந்த நாளுக்கு முந்தின நாளே கூப்பிட்டு வாழ்த்து வாங்கிக்கொள்ளப் பழகினார்கள்.

அவளைவிட அழகான பெண்கள் வேறு சேனல்களில் வந்தார்கள். அவர்கள் தமிழை நுனிநாக்கில் உருட்டிப் பேசினார்கள். பர்வீனுக்குப் பாட்டும் வராது, ஆட்டமும் வராது. அவள் செய்ததெல்லாம், கூப்பிட்டவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டது. தொண்டாமுத்தூரிலிருந்து ருக்குமணி என்று ஒரு அக்கா வாரத்தில் பாதி நாள் கூப்பிடுவார். பாட்டு ஒரு சாக்குதான்.

"அம்மணி, ஆனை வந்து வாழையெல்லாம் முறிச்சுப்போட்டுப் போயிருச்சுங்க."

"அடக் கஷ்டமே. எத்தனைங்க்கா, தனி ஆனைங்களா?"

"குட்டியோட வந்துச்சுங்க. குட்டி தண்ணித் தொட்டியில எறங்கி ஆட்டம் போட்டுச்சு. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, என்ன பண்றது."

ஊரே இதைக் கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டு அதற்குப் பிறகுதான்.

ஒரு வருடத்துக்குள் என்னென்னவோ நடந்தது. கிராஸ் கட் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் "அம்மணி பிரேம் கிடைக்கும்" என்று பலகை வைத்தார். கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்று தலைவலியைப் பொறுத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் தைரியமாகப் போய் வாங்கினார்கள். என் அத்தை பெண்ணும் வாங்கினாள். அவளுக்குப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. ஆட்டோவின் பின்னால் "ஆகட்டுங்க" என்று எழுதினார்கள். டவுன் பஸ்ஸில் நிறுத்தம் கேட்டால் கண்டக்டர் "ஆகட்டுங்க, நிறுத்திர்லாமுங்க" என்று அவள் மாதிரியே இழுப்பார், பஸ் முழுக்கச் சிரிக்கும்.

இன்னொன்றும் நடந்தது. கூப்பிடுகிற எல்லோரும் அவளைத் தங்கள் ஊர்க்காரி என்று நம்பினார்கள். "அம்மணி நீங்க எங்க பக்கந்தானுங்களே?" என்று பொள்ளாச்சியிலிருந்தும் கேட்பார்கள், சூலூரிலிருந்தும் கேட்பார்கள். "உங்க பக்கந்தானுங்க" என்பாள். அதில் பொய்யும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, அவள் தன் நாத்தனார் வழியில் சொந்தம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் இருந்த புள்ளிகளுக்கு நடுவே, அவள் நெற்றியில் பொட்டு இருக்கிறதா இல்லையா என்பது ஆளுக்கு ஒரு மாதிரி தெரிந்தது. என் அம்மா, சின்னதாகச் சாந்துப் பொட்டு வைத்திருக்கிறாள் என்று அடித்துச் சொல்வார். பர்வீன் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போன பிறகும் சொல்வார். பக்கத்தில் பார்த்ததைவிட டிவியில் பார்த்ததைத்தான் அவர் நம்பினார்.

கோட்டைமேட்டில் அவள் தெருவுக்கு எல்லாம் தெரியும். அந்தத் தெரு பெருமையோடு, யாருக்கும் சொல்லாமல் வைத்துக்கொண்டது.

இப்போது யோசித்தால் ஐகான் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். கொஞ்சம் தெரிகிற ஒருவர். மீதியை ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறார்கள்.

4

பெயரைப் பற்றி நான் இவ்வளவு நினைப்பதற்கு ஹாமில்டனும் ஒரு காரணம். பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டார்கள். இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து நான் திருமதி பழனிசாமி. மருத்துவமனையில், வங்கியில், யாழினியின் பள்ளியில், எல்லா இடத்திலும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்காரர் சிவகுமாரை அவருடைய அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் இருவரும் நிஜமாகவே கணவன் மனைவிதான் என்று அலுவலகம் அலுவலகமாக விளக்க வேண்டியிருக்கும். ஒருமுறை மாற்றிவிடலாம் என்று போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்கள் உண்மையான பெயர் எது?" என்றாள். கலாவதி என்றேன். அது முதல் பெயர், உண்மையான பெயர் எது என்று மறுபடி கேட்டாள். திரும்பி வந்துவிட்டேன். என் அப்பா கோயமுத்தூரை விட்டு அதிகம் வெளியே போனவர் இல்லை. அவர் பெயராவது பனியில் நடக்கட்டும்.

யாழினியைப் பள்ளியில் "யாஸ்" என்கிறார்கள். "ழி" இவர்களுக்கு வராது என்பதால் அவளே சுருக்கிக்கொண்டாள். முதல் தடவை வீட்டுக்குப் போன் செய்த தோழி "யாஸ் இருக்கிறாளா" என்று கேட்டபோது, தப்பான எண் என்று வைத்துவிட்டேன். அதற்காக யாழினி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

"உன் பேரைச் சொல்லிக் குடுக்கலாமே கண்ணு. அவங்க கத்துக்குவாங்க."

"எல்லாருக்கும் டெய்லி சொல்லிக் குடுக்கணும்மா. டயர்டா இருக்கும்."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பெயரைச் சொல்வது எவ்வளவு பாரம் என்பதை எனக்கு முன்னாலேயே புரியவைத்தவளும் பர்வீன்தான்.

5

தொண்ணூற்றேழு கடைசியிலும் அடுத்த பிப்ரவரியிலும் கோயமுத்தூர் என்ன பாடுபட்டது என்று உங்களுக்குத் தெரியும். இந்து முஸ்லிம் கலவரம், குண்டுவெடிப்பு, ஊரடங்கு. இரண்டு பக்கத்திலும் வீட்டுக்குத் திரும்பாதவர்கள் இருந்தார்கள். நான் அதை விவரிக்கப் போவதில்லை. பர்வீனின் அத்தா கடையில் தீ வைத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது நூல்கண்டெல்லாம் ஒரே நிறமாக இருந்தது. அவர் பித்தளைப் பொத்தான்களைச் சாம்பலிலிருந்து பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரிக்குப் பிறகு நிகழ்ச்சி பல வாரம் நின்றது. மறுபடி தொடங்கியபோது, முன்னைவிட அதிகமாகப் போன் வந்தது. எல்லோரும் பயந்து வீட்டுக்குள் இருந்தார்கள். தெரிந்த குரலைக் கேட்க வேண்டும் போல இருந்தது அவர்களுக்கு.

"அம்மணி, நல்லா இருக்கீங்களா? உங்களைக் காணாம மனசே சரியில்லீங்க."

"நல்லா இருக்கறனுங்க. நீங்க எல்லாரும் எப்பிடிங்க?"

"நாங்க இருக்கறோம். நீங்க பத்தரமுங்க. கோட்டைமேடு, உக்கடம் அந்தப் பக்கமெல்லாம் போயிறாதீங்க. அந்தாளுங்களை நம்பவே கூடாதுங்க."

முதல் நாள் இப்படி ஒருவர். மறுநாள் இரண்டு பேர். நல்ல மனசோடு சொன்னார்கள். வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பும்போது சொல்கிற குரல் அது. பர்வீன் ஒவ்வொருவரிடமும் "ஆகட்டுங்க" என்றாள். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பக்கம்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒருநாள் படி இறங்கும்போது நின்றுவிட்டாள். "என்மேல இருக்கற பிரியத்துல சொல்றாங்க கலா. திட்டுனாக்கூடப் பரவாயில்ல. பிரியத்துல சொல்றாங்க, அதான் என்னால தாங்க முடியல."

கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். எல்லோரும் சொல்வதுதான்.

அடுத்த வாரம் ஒரு நாள், நிகழ்ச்சி பாதியில் ஒரு ஆண் குரல். எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

"அம்மணி, உங்க நெசப் பேரு என்னங்க?"

இதற்கு முன்னாலும் பலர் கேட்டிருக்கிறார்கள். சிரித்து மழுப்பிவிடுவாள். இந்தக் குரல் அப்படிக் கேட்கவில்லை. யாரோ அவனுக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னாலிருந்து தங்கவேலு அண்ணன் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார். என் கை போன் மேல் இருந்தது. பர்வீன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"பர்வீனுங்க" என்றாள். "பர்வீன் பானு. ஊடு கோட்டைமேடுங்க."

அவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த போனுக்குக் காத்திருந்தோம். வழக்கமாக ஒன்றை வைக்கும் முன்னால் அடுத்தது அடித்துவிடும். அன்று அடிக்கவில்லை. பர்வீன் தன்னிடம் இருந்த ஒரு பாட்டைப் போடச் சொன்னாள். பாட்டு முடிந்தது. இன்னொரு பாட்டு. அதுவும் முடிந்தது. தங்கவேலு அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பர்வீன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள், மறுபடி போட்டாள், கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் போன் அடித்தது.

"அம்மணி, நாந்தானுங்க தொண்டாமுத்தூர் ருக்குமணி. அடுப்படியில இருந்தனுங்க. நீங்க என்னமோ பேரு சொன்னீங்கன்னு பக்கத்தூட்டுல பேசிக்கறாங்க. எனக்குச் சரியாக் காதுல உளுகலீங்க. மறுக்கா ஒருக்காச் சொல்லுங்க."

அந்த அக்கா நிஜமாகவே கேட்கவில்லையா, கேட்டுவிட்டுத்தான் கூப்பிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"பர்வீனுங்க்கா."

"பருவீனா?"

"பர்... வீன்."

"பர்வீன்" என்றார், மெதுவாக, நூல் கோர்க்கிற மாதிரி. "நல்லாத்தான இருக்குது பேரு. இத்தன நாளாச் சொல்லாம இருந்துபோட்டீங்களே. ஊட்டுல எல்லாரும் சொகமுங்களா? அத்தா, அம்மா?"

"சொகமுங்க்கா." பர்வீனின் குரல் அங்கேதான் உடைந்தது. "கடை போயிருச்சுங்க. ஆளுங்க சொகமுங்க."

அதை ஊர் முழுக்கக் கேட்டது. ருக்குமணி அக்கா, "ஒரு பாட்டுப் போடுங்க அம்மணி. நீங்களே பாத்து எதாச்சும் போடுங்க" என்றார்.

6

இதைக் கேட்டால் ஊரே திருந்திவிட்டது என்று நினைப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. கிராஸ் கட் ரோட்டில் அந்தப் பலகை மறுநாளே இறங்கியது. பிரேம் மட்டும் வேறு பெயரில் விற்றது. சில ஆபரேட்டர்கள் கம்பியைப் பிரித்துக்கொண்டார்கள். போனில் கூசுகிற வார்த்தைகளைச் சொன்னவர்களும் உண்டு. அவற்றையெல்லாம் நான் வாங்கி என்னோடு வைத்துக்கொண்டேன், பர்வீனுக்குக் கொடுக்கவில்லை. எங்கள் தெருப் பெரியம்மா நாத்தனார் கதையை நிறுத்திவிட்டார். என் அம்மா அன்று இரவு சாப்பிடும்போது, "அப்பப் பொட்டு வெக்கறதில்லையா அந்தப் புள்ள?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கண்ணாடியோட நெழலா இருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

பர்வீனின் அத்தா அந்த நிகழ்ச்சியை டீக்கடை டிவியில் பார்த்தாராம். வீட்டுக்கு வந்தவளிடம், "சொல்லிப்போட்டியா?" என்று கேட்டார். "சொல்லிப்போட்டனுங்க அத்தா" என்றாள். வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு, "ஆகட்டும்" என்றார்.

தங்கவேலு அண்ணனை யார் யாரோ வந்து பார்த்தார்கள். ஆளை மாற்று என்றார்கள். அவர் பெரிய வீரர் இல்லை. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார், பர்வீனும் எடுத்துக்கொண்டாள். ஆனால் அந்த நாட்களில் போன் எடுத்தது நான். "அம்மணி வரலீங்களா?" என்றுதான் பாதிப் பேர் கேட்டார்கள். சிலர், ரொம்பக் கவனமாக, "பர்வீன் அம்மணி வரலீங்களா?" என்று கேட்டார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தங்கவேலு அண்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, அவளைத் திரும்பக் கூப்பிட அவரே கோட்டைமேட்டுக்குப் போனார்.

முன்னைப் போலக் கூட்டம் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் யாரும் அவள் மாதிரி இழுக்கவில்லை. ஆட்டோக்களில் எழுத்து வெயிலில் மங்கியது. கூப்பிட்டவர்கள் குறைவு, ஆனால் அவர்கள் தாங்கள் யாரோடு பேசுகிறோம் என்று தெரிந்து பேசினார்கள். பர்வீனுக்கு அந்த ஒரு வருடம்தான் பிடித்திருந்தது. அவளே சொல்லியிருக்கிறாள்.

நேற்று யாழினி வற்புறுத்தியதால், பர்வீன் இப்போது இருக்கிற திருப்பூருக்கு வீடியோவில் கூப்பிட்டோம். பர்வீன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இப்போது மெல்லிய தங்க நிறப் பிரேம். அந்தக் காலத்துக் கேசட் ஒன்றாவது இருக்கிறதா என்று யாழினி கேட்டாள். ஒன்றும் இல்லை, ஒரே கேசட்டில்தான் திரும்பத் திரும்பப் பதிவார்கள், அதன்மேல் கடைசியாக ஏதோ கல்யாணம் பதிந்துவிட்டார்கள் என்றாள் பர்வீன்.

"ஆன்ட்டி, நீங்க எப்பிடி ஐகான் ஆனீங்க?"

பர்வீன் சிரித்துவிட்டாள். "ஐகானா? எல்லாத்து ஊட்டுலயும் டிவி நடு ஹால்ல இருந்துச்சு கண்ணு. நான் டிவில இருந்தேன். வேறென்ன?" பிறகு, "உம் பேரு என்ன?" என்றாள்.

"யாழினி" என்றாள் என் மகள். சுருக்காமல்.

7

பர்வீனின் கல்யாணம் தொண்ணூற்றொன்பதில். மாப்பிள்ளை திருப்பூர், பனியன் தொழில் செய்கிற குடும்பம். கடைசி நாள் நிகழ்ச்சியில் எல்லோரிடமும் விடைபெறும்போது, "வார ஞாயித்துக்கெழம கோட்டைமேட்டுல எனக்குக் கல்யாணமுங்க. எல்லாரும் வாங்க" என்று சொல்லிவிட்டாள். தங்கவேலு அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊரையே கூப்பிட்டுப்போட்டீங்களே அம்மணி." அவள் அத்தா பதறவில்லை. "யாரு வரப் போறாங்க" என்றார். கசப்பாகச் சொல்லவில்லை, கோட்டைமேட்டுக்குள் போகும் ஒவ்வொரு வழியிலும் அப்போது போலீஸ் செக்போஸ்ட் இருந்தது. வெளியாட்கள் அங்கே வருவதை மறந்துவிட்டிருந்தார்கள்.

கல்யாணத்தன்று காலை, வழி தெரியாமல் யாராவது வந்தால் கூட்டிப் போகலாம் என்று நான் செக்போஸ்ட் பக்கம் நின்றேன். கம்ப்யூட்டர் வகுப்புத் தோழிகள் சிலர் வந்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கையில் ஒரு பரிசுப் பொட்டலத்தோடு வந்த ஒரு கண்டக்டர், தான் யார் என்று சொல்லாமல், "இதை அம்மணிகிட்டக் குடுத்துருங்க" என்று என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

நான் உள்ளே போகலாம் என்று திரும்பியபோது ஒரு வேன் வந்து நின்றது. முன்கண்ணாடியில் தொண்டாமுத்தூர் என்று எழுதியிருந்தது. உள்ளிருந்து பெண்களாக இறங்கினார்கள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் துணி போட்டு மூடிய தட்டுகள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, சேலை என்று எங்கள் பக்கம் நெருங்கிய சொந்தத்துக்கு எடுத்துப் போகிற சீர்த்தட்டு. யாரும் சொல்லாமலே ருக்குமணி அக்காவை அடையாளம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். குரலை வைத்துப் பருமனான ஒருவரை நினைத்திருந்தேன். பேசத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒல்லியாக, கறுப்பாக, எல்லோருக்கும் முன்னால் நின்றவர்தான் அவர்.

காவலர் வெளியூர்க்காரர், பேச்சில் தெற்கத்தி வாடை. தட்டுகளின் துணியை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். தேங்காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"எங்கம்மா போறீங்க, இத்தனை பேரு?"

"கல்யாணத்துக்குங்க."

"இங்கேயா? யாரு கல்யாணம்?"

"பர்வீன் பானு கல்யாணமுங்க" என்றார் ருக்குமணி அக்கா. ஒரு எழுத்தும் பிசகவில்லை.

காவலர் அவர் நெற்றியைப் பார்த்தார், தட்டில் இருந்த மஞ்சள் கிழங்கைப் பார்த்தார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒறம்பரைங்க."

"அப்படின்னா?"

"சொந்தமுங்க."

"எந்த வழியில சொந்தம்?"

நான் குறுக்கே போய் விளக்கலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். அதற்குத் தேவை இருக்கவில்லை. ருக்குமணி அக்கா தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"தெனமும் சாயங்காலம் எங்க ஊட்டுக்கு வந்துட்டிருந்த புள்ளைங்க" என்றார். "இன்னிக்குத்தான் நாங்க வாரோம்."

காவலர் தடுப்பைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்.